முதலில் முற்றம், பிறகு தேசப்படம்

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் சேர்த்து எடுத்து வருகிறேன். திசைகள், வரைபடம், ஊர், மாவட்டம், மாநிலம் என்று வரும் பாடங்களை எப்படி நடத்தினாலும் பிள்ளைகள் மனத்தில் நிற்பதில்லை. 'வடக்கு எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் பாதிப் பேர் கூரையைக் காட்டுகிறார்கள். நண்பகலில் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று ஒரு கையேட்டில் படித்துவிட்டு, ஜூலை மாதம் முற்றத்தில் குச்சி நட்டுப் பிள்ளைகளோடு காத்திருந்தேன். நிழல் தெற்கே விழுந்தது. பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளியின் பிள்ளைகள் மாநிலங்களையும் தலைநகரங்களையும் ஒப்பிக்கிறார்களே, உங்கள் வகுப்பில் ஏன் இல்லை என்று பெற்றோர் கேட்கிறார்கள். உலக உருண்டையோ பெரிய இந்தியப் படமோ வாங்கிக்கொள்ளத் தலைமை ஆசிரியர் சிறிது பணம் ஒதுக்கியிருக்கிறார். எதை வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது?

— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிழல் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் குச்சி சரியாகத்தான் காட்டியது. பிழை கையேட்டில் இருக்கிறது. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்பது கடகரேகைக்கு வடக்கே, டெல்லியிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் பொருந்தும். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் சூரியன் உச்சியில் நம் தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடபுறமாக நிற்கும். ஆகவே நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் உயரக் குச்சிக்கு ஜூன் 21 அன்று தெற்கே சுமார் 22 சென்டிமீட்டர் நிழல் இருக்குமானால், டிசம்பர் 21 அன்று அதே குச்சிக்கு வடக்கே சுமார் 68 சென்டிமீட்டர் இருக்கும். உச்சி வேளை என்பதும் கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மூன்று பாகைக்குமேல் மேற்கே இருப்பதால், நமக்கு உச்சி சராசரியாக 12.12 மணி சுமாருக்கு வந்து, மாதத்தைப் பொறுத்துக் கால்மணி நேரம் வரை முன்பின்னாக நகரும். இந்தக் கணக்கு எதையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. கையேட்டைப் படிக்கும் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த ஜூலை நிழலை வீணாக்காதீர்கள். அதே இடத்தில் செப்டம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் குச்சியை மறுபடி நட்டு, ஒவ்வொரு முறையும் நிழலின் நுனியில் ஒரு கல்லைப் பதித்து, மாதத்தின் பெயரை எழுதி வையுங்கள். 'போன தடவை அந்தப் பக்கம் விழுந்தது, இப்போது இந்தப் பக்கம் விழுகிறது' என்று அவர்களே சொல்வார்கள். காரணத்தைக் கேட்டால், சூரியன் வானத்தில் போகும் பாதை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்ற வாக்கியத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். நேர்க்கிழக்கில் சூரியன் எழுவது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டித்தான். ஜூனில் அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் எழுகிறது. பள்ளி வாசலில் நின்று பார்க்கும்போது ஜூனில் ஒரு தென்னைக்கு இடப்புறம் தெரிந்த காலைச் சூரியன் மார்கழியில் அதன் வலப்புறம் தெரிவதைக் கவனித்துவிட்டு ஒரு குழந்தை கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியைப் பாராட்டுங்கள். பாடப்புத்தகத்தைக் காட்டி அடக்கிவிடாதீர்கள்.

எந்த மாதத்திலும் பிழைக்காமல் திசை காண, கோயில் கட்டுவதற்கு முன் ஸ்தபதிகள் சங்கு என்ற நிழற்குச்சியை நட்டுப் பார்த்த பழைய முறையே போதுமானது. முற்றத்தில் மேடு பள்ளம் இல்லாத இடத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டுக்கொள்ளுங்கள். காலை பத்து மணி சுமாருக்கு நிழலின் நுனி இருக்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்து, குச்சியின் அடியிலிருந்து அந்தக் கல் வரைக்கும் கயிறு பிடித்து ஒரு முழு வட்டம் போடச் சொல்லுங்கள். நிழல் குறுகி வட்டத்துக்குள் போய்விடும். பிற்பகலில் மீண்டும் நீண்டு, இரண்டரை மணியை ஒட்டி மறுபக்கத்தில் வட்டத்தைத் தொடும். தொடும் இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. இரண்டையும் சேர்த்தால் கிழமேல் கோடு. அதன் நடுவிலிருந்து குறுக்கே இழுத்தால் தென்வடல் கோடு. மேகம் வந்து ஒரு நாள் கெட்டுப்போனால் மறுநாள் செய்துகொள்ளலாம். கோடு கிடைத்ததும், உங்கள் கைப்பேசியின் திசைகாட்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு (இரும்பு மேசைக்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள்), சாயத்தால் நிரந்தரமாக வரைந்து, நான்கு முனைகளிலும் கி, மே, வ, தெ என்று எழுதிவிடுங்கள். உலக உருண்டையைவிட உங்கள் வகுப்புக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படும் கருவி அந்தச் சாயக் கோடுதான்.

அந்தக் கோட்டின் மேல் நிறுத்தித்தான் திசையைப் பழக்க வேண்டும். 'கிழக்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு' என்று நாம் வழக்கமாகச் சொல்லித் தருகிறோம். அந்த வாக்கியத்தின் முன்பாதியைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். இடக்கைப் பக்கம் வடக்கு என்பது மட்டும் தங்கிப்போய், எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் இடக்கையை நீட்டுகிறார்கள். இதற்கு ஒரு விளையாட்டுப் போதும். எல்லோரும் வடக்கே கை நீட்ட வேண்டும். பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல உடம்பைத் திருப்ப வேண்டும். உடம்பு திரும்பலாம், கை திரும்பக் கூடாது. முதல் இரண்டு நாள் ஒரே கலகலப்பாக இருக்கும். மூன்றாம் நாள் சில பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் நீட்டுவார்கள். அவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவரும் திசையறிவையும் விட்டுவிடாதீர்கள். 'வடக்கே தலைவைத்துப் படுக்காதே' என்று கேட்டு வளராத பிள்ளை நம் ஊர்ப்பக்கம் அரிது. எந்தச் சுவர்ப்பக்கம் தலை வைக்கக் கூடாது என்று பாட்டி சொல்வார் எனக் கேட்டால், வீட்டின் வடக்கு உடனே கிடைத்துவிடும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்குத் தொழுகையில் அத்தா முகம் வைக்கும் பக்கம் தெரியும். அது இங்கிருந்து மேற்கு, சற்று வடக்கே சாய்ந்தது. எல்லோருக்கும் தெரிந்தது பஸ். தஞ்சாவூர் பஸ் மேற்கே போகிறது, மயிலாடுதுறை பஸ் கிழக்கே, மன்னார்குடி பஸ் தெற்கே, ஜெயங்கொண்டம் பஸ் வடக்கே. நான்கு பலகைகளை எழுதிச் சாயக் கோட்டின் நான்கு முனைகளிலும் நிறுத்தி, 'மயிலாடுதுறைக்கு அத்தை வீட்டுக்குப் போக எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?' என்று கேட்டால், திசை என்பது மனப்பாட வரியாக இல்லாமல் போய்வரும் வழியாகிவிடும்.

இனி, கூரையைக் காட்டும் விரல்கள். சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. படத்துக்கு மேலே இருப்பது கூரை. ஆகவே வடக்கு கூரையில் இருக்கிறது. பிள்ளைகளின் தர்க்கத்தில் குறையே இல்லை. நம் ஊர்களில் இதற்கு மேல் இன்னொரு குழப்பமும் உண்டு. கிழக்கே இருக்கும் தெருவைக் கீழத்தெரு என்றும் மேற்கே இருப்பதை மேலத்தெரு என்றும் சொல்லி வளர்ந்த குழந்தை, 'படத்தின் மேற்பக்கம் வடக்கு' என்று கேட்டதும், கீழத்தெருவிலுள்ள தன் வீட்டைப் படத்தின் கீழ்விளிம்பில், அதாவது தெற்கே, தேடும். ஆகவே இந்த வயதில் 'மேலே வடக்கு, கீழே தெற்கு' என்ற சொற்களையே வகுப்பில் எடுக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு முடியும்வரை எந்தப் படத்தையும் தரையில் விரித்து, அதன் வடக்கு முற்றத்தின் வடக்கோடு ஒத்திருக்குமாறு திருப்பி வைத்து, சுற்றி உட்கார்ந்து பார்ப்பதே என் உறுதியான பரிந்துரை. சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் வடக்குச் சுவரில் மாட்டுங்கள். அந்தச் சுவரைப் பார்த்து உட்காரும் பிள்ளைக்குப் படத்தின் வலப்புறம் உண்மையிலேயே கிழக்காக இருக்கும். கரும்பலகைக்குப் பக்கத்தில் காலி இடம் இருக்கிறது என்பதற்காகத் தெற்குச் சுவரில் மாட்டினால் கிழக்கும் மேற்கும் இடம் மாறிப்போகும்.

வரைபடத்தைப் படிக்கக் கற்பிப்பதற்கு முன் வரைபடம் எப்படி உண்டாகிறது என்பதை அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். ஒரு சார்ட்டைத் தரையில் விரித்து அதன்மேல் ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், டஸ்டர், சாக்பீஸ் டப்பா ஆகியவற்றை வையுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று நேர்மேலிருந்து குனிந்து பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு பொருளையும் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுப் பொருள்களை எடுத்துவிடுங்கள். சார்ட்டில் இரண்டு செவ்வகம், ஒரு சதுரம், ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். அப்போது கட்டாயம் ஒரு பிள்ளை, 'டீச்சர், பாட்டில் இப்படியா இருக்கும்?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே. நீங்கள் பதில் சொல்லாமல், வெளியே நின்றிருந்த ஒரு பிள்ளையை உள்ளே அழைத்து, கோடுகளை மட்டும் பார்த்துப் பொருள்களை அந்தந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வட்டத்தின்மேல் பாட்டிலைத் தயங்காமல் வைக்கும்போது, மேலிருந்து பார்த்தால் பொருள் எப்படித் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் விளங்கிவிடும்.

மேலிருந்து பார்ப்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. மார்கழியில் அக்காவின் நோட்டில் உள்ளங்கை அளவில் இருக்கும் புள்ளிக் கோலம், அடுத்த நாள் விடியற்காலையில் வாசல் முழுவதும் விரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நோட்டிலும் வாசலிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே. இடைவெளி மட்டும்தான் வேறு. வரைபடத்தின் அளவை என்று நாம் பின்னால் சொல்லித்தரப் போவதும் இதைத்தான். ஆகவே கோல நோட்டை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை முதலில் நோட்டிலும் பிறகு முற்றத்திலும், இரண்டடிக்கு ஒரு புள்ளியாக வைத்து, ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து போடட்டும். அடுத்த நாள் எதிர்த்திசையில் போக வேண்டும்: பெரியதாக இருக்கும் வகுப்பறையைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஒரு காலடிக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு இறக்க வேண்டும். சுவரோரமாகக் குதிகாலும் விரலும் தொடும்படி நடந்து எண்ணுவார்கள். ஒருவனுக்கு முப்பத்தாறு வரும், இன்னொருத்திக்கு நாற்பது வரும். சண்டை வரட்டும், எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பது அந்தச் சண்டையிலிருந்துதான் புரியும்.

வகுப்பறைக்கு அடுத்து முற்றம். பெரிய சார்ட்டில் தீப்பெட்டிகளைக் கட்டடங்களாகவும், நீலக் கம்பளி நூலை வாய்க்காலாகவும், பாட்டில் மூடியை மேல்நிலைத் தொட்டியாகவும் வைத்து, சத்துணவுக் கூடம், கைப்பம்பு, அங்கன்வாடி, வேப்பமரம் எல்லாம் எங்கே வர வேண்டும் என்று அவர்களே வாதாடி முடிவு செய்யட்டும். வாரம் ஒருமுறை வேண்டுமென்றே அந்தச் சார்ட்டை முறை தவறித் திருப்பிப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் பாடத்தைத் தொடங்குங்கள். யாரும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்த படிக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. 'டீச்சர், படம் தப்பா இருக்கு, வாய்க்கால் அந்தப் பக்கம் இல்ல இருக்கு' என்று குரல்கள் எழுந்தால் தாராளமாகப் போகலாம்.

இதன்பின் பள்ளியின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டலாம். கைப்பேசியில் பள்ளியையும் சுற்றியுள்ள தெருக்களையும் எடுத்துப் பெரிய தாளில் அச்சிட்டுக்கொண்டால், திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதைவிட நல்லது. தரையில் விரித்துத் திசைக்குத் திருப்பி வைக்க முடியும். இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு இது புரியுமா என்ற சந்தேகம் வேண்டாம். ஜேம்ஸ் பிளௌட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் தம் குழுவினரோடு 1970 வாக்கில் செய்த ஆய்வுகளில், பள்ளிக்கு வந்து சேர்ந்த ஐந்தாறு வயதுக் குழந்தைகள் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் வீடுகளையும் சாலைகளையும் அடையாளம் கண்டார்கள். அச்சிட்ட வரைபடத்தின் குறியீடுகளோ வேறு கதை. லின் லிபென், ரோஜர் டௌன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிறு குழந்தைகளிடம் சாலை வரைபடத்தைக் காட்டியபோது, சிவப்புக் கோட்டால் குறித்த சாலை உண்மையிலும் சிவப்பாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். கோடு இவ்வளவு ஒல்லியாக இருந்தால் அதில் கார்கள் எப்படிப் போகும் என்ற ஐயமும் வந்தது. நம் பிள்ளைகளும், தமிழ்நாட்டுப் படத்தில் பச்சையாக இருக்கும் மாவட்டத்தில் வயல் அதிகம், மஞ்சளாக இருப்பதில் வெயில் அதிகம் என்று மௌனமாக முடிவு செய்துகொண்டிருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். குறியீட்டை அவர்களே ஏற்படுத்திய முற்றத்துப் படத்தில், மூடி என்றால் தொட்டி என்று அவர்களே வைத்துக்கொண்டதால், இந்த மயக்கம் குறைவாக இருக்கும்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லும்போது, அழகையும் நேர்கோட்டையும் பார்க்காதீர்கள். நாய் இருக்கும் வீட்டைப் பள்ளியைவிடப் பெரிதாக வரைந்திருப்பார்கள். தெருவின் இருபுறமும் வீடுகள் கவிழ்ந்து படுத்திருக்கும். அவை தாமே சரியாகும். நீங்கள் பார்க்க வேண்டியது, ரேஷன் கடைக்குப் பிறகு பாலம், பாலத்துக்குப் பிறகு கோயில் என்ற வரிசை சரியா, திருப்பங்கள் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டுமே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறி, 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு என்ற தொடக்க நிலையிலேயே இருக்கும் ஒரு பிள்ளை, ஆடு மேய்க்கப் போய்வந்த பழக்கத்தால் வகுப்பிலேயே சிறந்த வழிப்படத்தை வரையக்கூடும். அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி மாட்டுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே இருப்பதால் தனித்தனியாகப் பாடம் வகுக்க வேண்டியதில்லை. அவர்கள் பொருளை வைக்கட்டும், மூன்றாம் வகுப்பினர் அதை வரையட்டும்.

தஞ்சைத் தரணியில் இந்தப் பாடங்களுக்கு வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு துணை இருக்கிறது. நீர் இருப்பு இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுகிறது. மூன்று நான்கு நாள்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு எனப் பிரிகிறது. பிறகு ஆறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று இறங்கி ஒருநாள் உங்கள் ஊர் மதகுக்கு வருகிறது. பள்ளி திறக்கும் மாதமும் அதுவே. தண்ணீர் வந்த அன்று வகுப்பை நிறுத்திவிட்டு, 'இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? எந்தப் பக்கம் போகிறது?' என்று கேளுங்கள். சிறுபாலத்தின் மேல் நின்று ஓர் இலையைப் போட்டுப் பார்த்தால் கிழக்கே போவது தெரியும். கிழக்கே என்ன இருக்கிறது? கடல். அப்படியானால் மேற்கே நிலம் உயரமாக இருக்க வேண்டும் அல்லவா? கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாக இருக்கும் ஊரில் பிறந்த பிள்ளை, மேடு பள்ளம் என்ற புவியியல் உண்மையைத் தண்ணீரின் ஓட்டத்திலிருந்துதான் உணர முடியும். இங்குள்ள பிள்ளைகளில் பலர் மலையை நேரில் பார்த்ததில்லை. அவர்கள் வரையும் மலை இரண்டு முக்கோணமும் நடுவில் ஒரு சூரியனும்தான். மலைக்கும் சமவெளிக்கும் வரையறை எழுதிப்போடுவதைவிட, முற்றத்தின் மூலையில் ஈர மணலைச் சாய்வாகக் குவித்து உச்சியில் சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். நீர் முதலில் ஒரே பள்ளமாக அரித்து இறங்கி, அடிவாரத்தில் வேகம் குறைந்ததும் பலவாகப் பிரிந்து, கொண்டுவந்த மணலை விசிறிபோல் பரப்பும். நம் ஊர் அந்த விசிறியின்மேல் இருக்கிறது என்று ஒரு கல்லை எடுத்து அங்கே வைத்தால் போதும்; டெல்டா என்ற சொல்லை அவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். வாய்க்காலுக்கு அழைத்துப் போகும்போது மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர் இருவராவது உடன் வர வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது. படித்துறை வேண்டவே வேண்டாம்.

ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்ற அடுக்குதான் இவை எல்லாவற்றிலும் கடினமானது. இதை அவசரப்படுத்த வேண்டாம் என்பேன். மாவட்டத்தையும் மாநிலத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. சுவிட்சர்லாந்தின் ஜெனிவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயும் அவருடைய சக ஆய்வாளரும் குழந்தைகளிடம் பேசி 1951-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெனிவாக்காரராக இருப்பவர் சுவிஸ்காரராகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்று ஏழெட்டு வயதுக்குழந்தைகள் பலர் கருதியது தெரிந்தது. 'நான் தமிழ்நாட்டுக்குப் போனதே இல்லை, தஞ்சாவூருக்குத்தான் போயிருக்கிறேன்' என்று உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை சொன்னால், அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தபால் அட்டை இதற்கு நல்ல கருவி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முகவரியைத் தெருவிலிருந்து தொடங்கி நாடு வரை எழுதி, தனக்குத்தானே ஒரு வரி எழுதி அஞ்சலில் போடட்டும். அட்டை சுற்றிவிட்டு வீடு வந்து சேரும். 1972-இல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கப் பின்கோடையும் அப்போதே காட்டலாம்: முதல் இலக்கமான 6 என்பது தமிழ்நாடு, கேரளம் அடங்கிய தென்பகுதியைக் குறிக்கும், கடைசி மூன்று இலக்கங்கள் அவர்களுடைய தபால் நிலையத்தையே குறிக்கும். பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு எண்கள் இறங்கி வருவதைத் தபால்காரரையே வரவழைத்துச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. 38 மாவட்டங்களின் பெயர்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் கேட்பதையும் அலட்சியப்படுத்த முடியாது. மாநிலத் தலைநகரங்களைப் பாட்டாகப் பாடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. பெயர்கள் காதில் விழுந்து பழகுவது பின்னால் உதவும். பத்து நிமிடம் ராகம் போட்டுப் பாடிவிட்டுப் போகட்டும். அதைப் புவியியல் என்று நினைத்துக்கொண்டு, பாடத்துக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தையும் அதிலேயே செலவிடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. பெற்றோர் கூட்டத்தன்று வாதம் செய்யாமல், முற்றத்தின் சாயக் கோட்டருகே எல்லோரையும் கூட்டி, 'சென்னை எந்தப் பக்கம்? கடல் எந்தப் பக்கம்? கும்பகோணத்துக்கு வடபுறமாக ஓடுவது காவிரியா, அரசலாறா?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கூடவே பெற்றோரையும் கை நீட்டச் சொல்லுங்கள். யார் கை எங்கே நீள்கிறது என்று எல்லோருமே பார்ப்பார்கள். அதற்குமேல் நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

பணத்தைப் பொறுத்தவரை, இந்தியப் படத்தை இந்த ஆண்டு வாங்காதீர்கள். உலக உருண்டை வாங்கலாம். ஆனால் நாடுகளைத் தேடுவதற்காக அன்று. நிலம் எது, கடல் எது, நீலம் ஏன் இவ்வளவு அதிகம் என்று கையில் வைத்து உருட்டிப் பார்க்கவும், வெயிலில் பிடித்து ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருளும் இருப்பதைப் பார்க்கவும் அது பயன்படும். அதை மேசையின்மேல் அழகுப் பொருளாகவோ பீரோவுக்குள்ளோ வைக்காமல் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். கீறல் விழத்தான் செய்யும். மீதிப் பணத்தில் சார்ட், சாயம், கம்பளி நூல், கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட மதிப்புள்ள படம் காசில்லாமல் கிடைக்கும்: கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஊரின் கிராம வரைபடம் இருக்கும். தலைமை ஆசிரியர் மூலம் கேட்டுப் பெற்று, சர்வே எண்களையெல்லாம் விட்டுவிட்டு, சாலை, வாய்க்கால், குளம், கோயில், பள்ளி ஆகியவற்றை மட்டும் பெரிய சார்ட்டில் நகலெடுத்து, மூலையில் வடக்கு அம்பு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீடு இருக்கும் இடத்தில் ஒரு பொட்டை ஒட்டட்டும். யாருடைய பொட்டாவது குளத்துக்குள் விழுந்தால், அதை நீங்கள் எடுத்து மாற்றாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மாற்றிவிடும்.